பாசிக் கோட்டுக்குக் கீழே

அந்தப் பூங்காவுக்கு வாசல் இருந்தது, சுவர் இல்லை. சாலையோரத்தில் இரண்டு சிமெண்டுத் தூண்கள், நடுவே துருப்பிடித்த இரும்புக் கேட். கேட் பூட்டியிருந்தது. தூணுக்கு நாலடி இடப்பக்கமாக ஆடுகள் நடந்து நடந்து தேய்ந்த பாதை ஒன்று இருந்தது. அதன் வழியாக நாங்கள் உள்ளே போனோம். ‘பூங்கா அமைக்கத் தேர்வு செய்யப்பட்ட இடம்’ என்று ஒரு பலகை. தேர்வு செய்தவர்கள் யார் என்று சொல்லும் வரி உப்புக்காற்றில் உதிர்ந்துபோயிருந்தது. உள்ளே ஒரே ஒரு சிமெண்டு பெஞ்சு. கடலுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். கதவு வைக்காத ஒரு கழிப்பறை. மற்றபடி புல், தாழம்புதர், நாலைந்து முந்திரி மரங்கள். நூறடி நடந்தால் தரை முடிந்துவிடும். அதற்கப்பால் செம்மண்ணும் கல்லுமாகச் செங்குத்தாக இறங்கும் மேடு, அதன் அடியில் கடல். ஐம்பது அடி உயரம் இருக்கலாம். அளக்க வழியில்லை.

நாகர்கோவிலுக்கு மேற்கே, கேரள எல்லைக்கு இந்தப் பக்கம். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஓர் ஆனி மாதச் சனிக்கிழமை. பத்து வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பலகைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெஞ்சு அப்படியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. மதுரையில் ஒரு நாளிதழ் நடத்தும் எழுத்துத் தேர்வுக்கு அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கடிதத்தின் அசல் இல்லாதவர்களும் தாமதமாக வருபவர்களும் அனுமதிக்கப்பட மாட்டார்கள். தேர்வானால் திண்டுக்கல் அலுவலகத்திலேயே வேலை. நாங்கள் இருக்கும் ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பத்திரிகையின் கிளை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். குடிநீர்க் குழாய் உடைப்பு, கூட்டுறவுச் சங்கக் கூட்டம், ரயில் தாமதம். எட்டு வரிக்கு மேல் எதுவும் அச்சில் வந்ததில்லை. பிறகு ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். மண்டிக்குப் பின்னாலேயே வீடு. கேரளாவுக்குப் போகும் லாரிகள் லோடு ஏற்றும் சத்தத்தில் காலை எது, மாலை எது என்று தெரிந்துகொள்ளலாம். நாலு வருடத்தில் நான் தனியாக பஸ் ஏறியது மூன்று தடவை. மூன்றும் அம்மா வீட்டுக்கு.

கடிதம் வந்த அன்று என் கணவர், “அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்” என்றார். பத்து நாள் ஆகியும் பேசவில்லை. கடைசியில் நானே மாமனாரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மண்டியில் வழக்கமாகச் சரக்கெடுக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு வியாபாரி புதுவீடு கட்டியிருந்தார். சனிக்கிழமை விடிகாலை பால் காய்ச்சு. சனிக்கிழமை எங்கள் மார்க்கெட்டுக்கும் விடுமுறை. குடும்பத்தோடு போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள்.

“நீயும் வந்துரு அம்மிணி. அன்னிக்கு ராத்திரியே திரும்பக் கெளம்பிருவோம். வெடியறதுக்குள்ள மதுரையத் தாண்டோணும். அங்கயே எறக்கி உட்டர்றேன், போதுமா?”

போதும் என்றேன்.

வேனில் போகும்போது மாமியார் பின்சீட்டிலிருந்து நாத்தனாரிடம் பேசிக்கொண்டு வந்தார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசிய பேச்சு.

“பரீச்சையாமா பரீச்சை. பேப்பர்ல தக்காளி வெலையத் தப்புத்தப்பாப் போடறானுங்கல்ல, அதத் திருத்தப் போறாளாக்கு.”

“அண்ணனுக்குச் சோறு ஆரு போடுவா?” என்றாள் நாத்தனார்.

“செத்த நேரம் முன்னாடி எந்திரிச்சு ஆக்கி வச்சுட்டுப் போவேன்” என்றேன்.

“பாரு, ‘செத்த நேர’மாம்” என்று மாமியார் சிரித்தார். என் திண்டுக்கல் பேச்சு அவர்களுக்கு நாலு வருடமாகியும் அலுக்காத வேடிக்கை.

புதுவீட்டு விசேஷம் எட்டரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. அங்கே கொஞ்சம்தான் சாப்பிட்டோம். தேங்காயெண்ணெய்ச் சமையல் வயிற்றுக்கு ஆகாது என்று மாமியார் வீட்டிலிருந்தே கடலை எண்ணெயில் கிளறிய புளிச்சோறு கட்டி வந்திருந்தார். போகிற வழியில் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் உண்டா என்று மாமனார் கேட்டதற்கு வியாபாரி இந்த மேட்டைச் சொன்னார். மேலே நின்று பார்த்தால் கடல் நன்றாகத் தெரியும் என்றார். கீழே இறங்காதீர்கள் என்று சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர் எவரும் ஆனி மாதத்தில் கீழே இறங்க நினைத்திருக்க மாட்டார்கள்.

வியாபாரி பேசிப் பேசிப் பிடித்து வைத்ததில் பன்னிரண்டரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். மேட்டின் மேல் காற்று சாப்பிட விரித்த இலையைப் பறக்கடித்தது. மாமனார் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“கீழ காத்தே இல்லீங்கறேன். வழியிருக்குது, வாங்க.”

கல்லில் வெட்டிய படிகள் போலச் சில இருந்தன. அவற்றில் இறங்கினோம். மாமனார், மாமியார், என் கணவர், நாத்தனார், அவளுடைய ஐந்து வயது மகள், நான். ஆறு பேர். டிரைவர் வேனிலேயே படுத்துவிட்டார். கீழே மணல் இருபது அடி அகலம். அதன் வழியே நடந்து, கடலுக்குள் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையைச் சுற்றிப் போனால் மூன்று பக்கமும் மேடு அணைத்த ஒரு குடைவு. அங்கே காற்று இல்லை. நிழல் இருந்தது. மாமனார் சொன்னது சரி.

குடைவின் சுவரில், என் மார்பு உயரத்துக்கு, ஒரே மட்டமாக ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே கல் சிவப்பு. கீழே கறுப்பும் பச்சையும். மாமியார் ஜமுக்காளத்தை விரிக்கத் தயங்கினார்.

“ஏனுங்க, இங்க வரைக்கும் தண்ணி வருமாட்ட இருக்குதுங்களே?”

மாமனார் கோட்டைத் தடவிப் பார்த்தார். “இது போன ஐப்பசில நின்ன தண்ணி. கோடு இருக்குதல்ல? இனி அடுத்த மழைக்குத்தான் ஏறும். நீ சோத்தப் போடு.”

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. எங்கள் பக்கத்துக் குளங்களில் கரைக்கல்லில் படிந்த கோட்டைப் பார்த்தே போன மழை எவ்வளவு, மிச்சத் தண்ணீர் எத்தனை நாளைக்கு, ஒரு போகம் தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவார். மண்டிக்கு வரும் விவசாயிகள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தக்காளி நாற்று விடுவார்கள். அவர் கோட்டைப் பார்த்துத் தப்பாகச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. குளத்துத் தண்ணீர் வருடத்துக்கு ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். தண்ணீர் என்றால் அவருக்கு அதுதான்.

நான் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாசி பச்சையாக இருந்தது. விரல் வைத்தால் வழுக்கியது. ஐப்பசிக்கு வந்த பாசி ஆனிவரை ஈரமாக இருக்காது. கல் இடுக்கில் கடுகளவு சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் தொட்டேன், மூடிக்கொண்டது. உயிரோடு இருந்தது.

எல்லாவற்றையும் பார்த்தேன். சொல்லவில்லை.

அந்த வீட்டில் மாமனார் சொன்னதைத் திருத்திப் பேசும் வழக்கம் இல்லை. அது மட்டும் காரணம் என்றால் பாதிப் பொய். அன்றைக்கு அவரிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. ராத்திரி மதுரையில் இறங்கும்வரை அவர் முகம் கோணக் கூடாது. இப்போது ஒரு பேச்சுப் பேசினால் அப்போது பேச முடியாமல் போகும் என்று கணக்குப் போட்டேன். கடலைப் பற்றி எனக்கு மட்டும் என்ன தெரியும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

புளிச்சோறு, உருளைக்கிழங்கு வெஞ்சனம், அப்பளம். சாப்பிட்டு முடித்து மாமனார் துண்டை விரித்துப் படுத்தார். என் கணவரும் படுத்தார். நாத்தனார் மகள் மணலில் குழி தோண்டினாள். குழியில் தண்ணீர் ஊறியது. “தாத்தா, கெணறு!” என்று கத்தினாள். ஒருவரும் எழவில்லை. என் கைக்கடிகாரத்தில் இரண்டு இருபது.

இரண்டே முக்கால் இருக்கும். ஓர் அலை வந்து ஜமுக்காளத்தின் ஓரத்தை நனைத்தது. அடுத்த அலை செருப்புகளை எடுத்துப் போனது. என் கணவர் ஓடிப்போய் மூக்குப் பாறைப் பக்கம் பார்த்தார். நாங்கள் நடந்து வந்த மணல் இல்லை. பாறை மீது அலை மோதி ஆள் உயரத்துக்குத் தெறித்தது. முழங்கால் அளவில் இறங்கிப் பார்த்தவரை அடுத்த அலை உட்கார வைத்தது. எழுந்து திரும்பி வந்தார்.

“வழி போச்சுங்கப்பா.”

மாமனார் கோட்டைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மறுபடியும் கோட்டைப் பார்த்தார்.

மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் விளிம்பில் ஒரு தலை, பக்கத்தில் ஒரு ஆட்டின் தலை.

“ஏ, அங்க எதுக்கு எறங்குனிய? கடல் ஏறுது தெரியலியா?”

“ஏறி வர வழியிருக்குதுங்களா?” என்று என் கணவர் கத்தினார்.

“இனி எங்க ஏற? அந்தப் பெரிய கல்லுல ஏறி நில்லுங்க. இருட்டுக்கு முன்ன எறங்கிரும். பிள்ளைய விட்டிராதீங்க!” தலை மறைந்து மறுபடியும் தோன்றியது. “எந்த ஊருக்காரிய?”

“ஒட்டன்சத்திரமுங்க!”

“அது எங்க கெடக்கு?”

மேட்டிலிருந்து என்றோ சரிந்து விழுந்த கல் ஒன்று சுவரை ஒட்டிக் கிடந்தது. கட்டில் அகலம். அதில் ஆறு பேரும் ஏறினோம். உட்கார இடமில்லை. முதுகைச் சுவரில் சாய்த்து வரிசையாக நின்றோம். அந்தப் பெண் எழுப்பியிருக்க வேண்டும், டிரைவர் விளிம்பில் வந்து நின்று, “கயிறு இருக்குதுங்க, ஆனா எட்டாதுங்க” என்றார். எட்டாத கயிற்றை எதற்குச் சொல்கிறார் என்று மாமியார் அவரைத் திட்டினார். அரை மணி நேரத்தில் அந்தக் கல்லின் மேல் கேட்ட ஒரே பேச்சு அதுதான்.

கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரிந்தவை: இடப்பக்கம் என் கணவரின் தோள், வலப்பக்கம் மாமியாரின் முழங்கை, எதிரே தண்ணீர். நாலு வருடமாக எந்த இடத்தில் நிற்கிறேனோ அதே இடம்தான் என்று தோன்றியது. அலை ஒவ்வொன்றும் கல்லின் அடியில் புகுந்து வெளியே வரும்போது பாத்திரம் கழுவுவது போலச் சத்தம் வந்தது. மணி நாலு பத்து. நாலரை. ஐந்து.

குழந்தை என் இடுப்பில் இருந்தது. அவள் அம்மா அழுதுகொண்டிருந்ததால் என்னிடம் வந்திருந்தாள். ஒரு கையில் அவள், ஒரு கையில் பை.

“அத்தே, தண்ணி நம்ம மூஞ்சி வரைக்கும் வருமா?”

“வராது. அந்தப் பச்சைக் கோடு இருக்குல்ல, அதுவரைக்கும்தான் வரும். நம்ம கல்லு அதுக்கு மேல ஒரு சாண் இருக்கு.”

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மாமியார் திரும்பினார்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“பாசி ஈரமா இருந்துச்சு அத்தை. தெனமும் தண்ணி தொட்டாத்தான் அம்புட்டுப் பச்சையா இருக்கும்.”

“இப்பப் பாத்தியா?”

நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு வரிசையின் கோடியில் நின்ற மாமனாரைப் பார்த்தார். அவர் காதில் விழவில்லை.

“சோறு போடறப்பவே பாத்திருக்கறே” என்றார், குரலை இறக்கி.

அப்போது ஓர் அலை கல்லின் மேல் ஏறி எங்கள் கணுக்காலை நனைத்தது. குழந்தை வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவளை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

“கொண்டா அந்தப் பைய” என்றார் மாமியார். பையைத் திறந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்த கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். காலிப் பையை என் தோளில் மாட்டினார்.

தண்ணீர் கோட்டுக்கு வந்தது. அதற்கு மேல் அலையின் தெறிப்புதான். இவ்வளவு துல்லியமாக என் கணிப்பு ஒன்று பலித்ததில் எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை. கடிதம் என்னிடம் இல்லை என்பது மட்டுமே நினைவில் இருந்தது.

ஏழு மணிக்குச் சற்று முன் மூக்குப் பாறைக்கு இந்தப் பக்கம் மணல் தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் கைகோத்து நடந்து, தவழ்ந்து படியேறி, அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தோம். ஆடு மேய்த்த பெண் போய்விட்டிருந்தார். மாமனார் பெஞ்சில் உட்கார்ந்தார். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார அந்த ஒரு பெஞ்சுதான் தோது.

டிரைவர் காலையிலிருந்து தூங்கவே இல்லை என்றும் ராத்திரி ஓட்ட முடியாது என்றும் சொன்னார். மத்தியானம் முழுக்கத் தூங்கியவர் அவர் ஒருவர்தான். ஆனால் நாத்தனாருக்கும் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. வியாபாரி வீட்டுக்கே திரும்பிப் போய்ப் படுத்துவிட்டுக் காலையில் கிளம்பலாம் என்று பேச்சு வந்தது. வந்தது, முடிந்தும் விட்டது. என் பரீட்சையை யாரும் சொல்லவில்லை. மறந்திருக்கவும் கூடும். என் கணவரைப் பார்த்தேன். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

நான் மாமனாரின் முன்னால் போய் நின்றேன்.

“மாமா, அந்தப் பாசி ஈரமா இருந்துச்சு. சோறு திங்கும்போதே பாத்தேன். உங்ககிட்டச் சொல்லல.”

மாமியார் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டியிருந்தது. அதில் நேர்மை பாதி, பயம் பாதி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சொல்லியிருக்கலாமல்ல அம்மிணி” என்றார்.

“சொல்லியிருந்தாக் கேட்டிருப்பீங்களா மாமா?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “மாட்டேன்” என்றார்.

“இப்பச் சொல்றேன். நாகர்கோவில்ல என்னய மதுரை பஸ் ஏத்தி விட்டுருங்க. நான் போறேன்.”

“ஈரச் சேலையோடயா?” என்றாள் நாத்தனார்.

“காஞ்சிரும்.”

மாமனார் தலையைத் தூக்காமல் மகனிடம், “நீ கூடப் போடா” என்றார். அது சம்மதமா அல்லது அவமானத்திலிருந்து சீக்கிரம் வெளியே வரும் அவசரமா என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. வேனை நோக்கி எல்லோரும் நடந்தார்கள். நான் மாமியாரின் பக்கத்தில் நின்றேன். கடிதத்துக்குக் கையை நீட்டவில்லை. அவர் கேட்டைத் தாண்டிப் போய், வேன் படியில் காலை வைத்து, திரும்பினார்.

“இத நானே வெச்சிட்டிருந்து என்ன பண்றது? புடி.”

கவரையும் மீறிக் கடிதத்தின் ஓரங்கள் அவர் வியர்வையில் நமத்திருந்தன. கடல் தண்ணீர் படவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்குத் தேர்வு மண்டபத்தில் இருந்தேன். சேலையின் கீழ்க்கரையில் உப்பு வெள்ளையாக ஒரு கோடு விட்டிருந்தது. கடைசிக் கேள்வி: அண்மையில் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் செய்தியாக எழுதுக. ‘கடலோரத்தில் சிக்கிய ஆறு பேர் மீட்பு’ என்று தலைப்பு எழுதினேன். பிறகு ‘மீட்பு’ என்பதை அடித்தேன். யாரும் மீட்கவில்லை, தண்ணீர் தானாக இறங்கியது. ‘தப்பினர்’ என்று போட்டேன். ஊர், நேரம், ஆள் எண்ணிக்கை, அலையின் உயரம் எல்லாம் எழுதினேன். ஆறு பேரில் ஒருவருக்கு முன்பே தெரியும் என்பதை எழுதவில்லை.

வேலைக்கான கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. பகலில் தபால் வரும்போது மாமியார்தான் வாசலில் இருப்பார். ஒரு மத்தியானம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வந்து, ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து என் மடியில் போட்டார். உறை பிரிக்கப்படவில்லை. ஆனால் மடிப்புகள் துணி போல மெத்தென்று ஆகியிருந்தன.

“இந்தத் தபால்காரன் இருக்கறானே, எல்லாத்தையும் மெதுவாத்தான் கொண்டாந்து தருவான்” என்றார்.

உறையின் மேல், கடிதம் வந்து சேர்ந்த நாளுக்கான எங்கள் ஊர்த் தபால் நிலைய முத்திரை இருந்தது. ஐந்து நாள் பழையது. பிரித்துப் பார்த்தேன். வேலையில் சேரக் கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

முத்திரையைப் பார்த்தேன். “ஆமா அத்தை” என்றேன்.